இடியோபதிக்: ஒரு சொல்லும் அதன் சரியான பொருளும்

நம் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலிருந்து வீடு திரும்பிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பதினான்கு நாட்களில் மீண்டும் வந்து சேர்ந்தான். முதன்முறை வந்தபோது காலை வேளைகளில் கண்ணிமைகள் மட்டுமே வீங்கியிருந்தன. இம்முறை முகம், வயிறு, கால்கள் எல்லாம் வீங்கியிருந்தன, காய்ச்சலும் இருந்தது. நாங்கள் கொடுத்தனுப்பிய ஸ்டீராய்டு மாத்திரை எட்டாம் நாளோடு நிறுத்தப்பட்டிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று தாயிடம் கேட்டோம். அவர் விடை கூறாமல் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். அதில் நோயின் பெயருக்கு முன்னால் நின்ற ஒரு சொல்லின் கீழே பேனாவால் இருமுறை கோடிடப்பட்டிருந்தது. இடியோபதிக் என்பது அந்தச் சொல்.

கோடிட்டவர் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா. அச்சொல்லின் தொடக்கத்தில் 'இடியட்' என்னும் வசைச்சொல் ஒளிந்திருப்பதாக அவருக்குப் பட்டது. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பற்றி மருத்துவர்கள் எதையோ மறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று அவர் ஐயுற்றார். பக்கத்து வீட்டுக்காரர், அலோபதி, ஹோமியோபதி போல இடியோபதி என்பதும் ஒரு வைத்திய முறை என்றும், அதற்குத் தனி மருத்துவரைத் தேடிப் போக வேண்டும் என்றும் உறுதியாகச் சொன்னார். பாட்டியின் காதில் விழுந்தவை முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே. "பச்சைப் பிள்ளைக்கு இடி விழுந்தாற்போல ஒரு நோயா, டாக்டரம்மா?" என்று அவர் எங்களிடமே கேட்டார்.

கடைசியில் உறவினர் ஒருவர் கைப்பேசியில் தேடி, 'காரணம் தெரியாதது' என்று பொருள் கண்டு சொன்னார். மற்றவை யாவும் தவறான பொருள்கள். இது ஏறக்குறையச் சரியான பொருள். ஆயினும் பெருங்கேடு விளைவித்தது இதுதான். காரணமே தெரியாத மருத்துவர் எதை நம்பி மாத்திரை கொடுக்கிறார் என்று கேட்டு மருந்தை நிறுத்தினார்கள். மருத்துவருக்குத் தெரியாத காரணம் வீட்டாருக்குத் தெரிந்தாற்போல, கருவுற்றிருந்தபோது உண்டது, கடையில் வாங்கிக் கொடுத்த நொறுக்குத்தீனி, மழையில் நனைய விட்டது என்று ஒரு பட்டியலும் உருவாயிற்று. அப்பட்டியலில் இருந்தவை அனைத்தும் தாய் செய்தவையாகவே இருந்தன.

சிறுவன் தேறிவிட்டான். அக்குடும்பத்தினரைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. விளங்காத ஒரு சொல்லை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அதை விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்காதவர்கள் நாங்கள். அந்தக் கடனை இவ்விதழில் எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்துத் தீர்க்க முயல்கிறோம்.

இச்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது. 'பதோஸ்' என்றால் துன்பம், நோய். ஆகவே சொல்லுக்குள்ள நேர்ப்பொருள் 'தனக்கேயுரிய நோய்' என்பதாகும். சித்தப்பாவின் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பண்டைய கிரேக்க நகரங்களில் பொதுக் காரியங்களில் ஈடுபடாமல் தன்பாட்டில் வாழ்ந்தவனை 'இடியோட்டேஸ்' என்றார்கள். அதுவே காலப்போக்கில் வசையாகத் திரிந்தது. ஒரு மொழிக்கே உரிய வழக்காகிய 'இடியம்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். ஒரு வேரில் பிறந்தமை தவிர நோய்ப்பெயருக்கும் வசைக்கும் உறவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் 'பதி'யும் அவ்வாறே. ஹோமியோபதியில் வரும் 'பதி' இதே 'பதோஸ்'தான். ஆனால் நரம்பு நோயைக் குறிக்கும் நியூரோபதி, தசை நோயைக் குறிக்கும் மயோபதி ஆகியவற்றிலும் அது இருக்கிறது. அவை வைத்திய முறைகள் அல்ல, நோய்கள். இடியோபதிக் என்பதோ இவ்விரண்டும் அன்று. நோயின் பெயருக்கு முன்னால் நின்று அதற்கு அடைமொழியாவது அது.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழ்பெற்றிருந்த கிரேக்க மருத்துவர் கேலன், இச்சொல்லை இன்றைய பொருளில் வழங்கவில்லை. ஓர் உறுப்பில் தானே தோன்றும் நோய் ஒரு வகை. வேறோர் உறுப்பின் கேட்டினால் இவ்வுறுப்பு துன்புறுவது மற்றொரு வகை. முன்னதைக் குறிக்கவே அவர் இச்சொல்லைக் கொண்டார். வலிப்பு நோய் மூளையிலேயே பிறக்கலாம், வயிற்றிலிருந்து எழுந்து மூளையைத் தாக்கவும் செய்யலாம் என்பது அவர் கருத்து. மூளையில் பிறப்பது இடியோபதிக். அங்கே 'தெரியாது' என்ற பொருளே இல்லை. 'வேறொன்றிலிருந்து வந்ததன்று' என்பது, பல நூற்றாண்டுகளில், 'எதிலிருந்து வந்தது என்று காண முடியவில்லை' என்பதாக மெல்ல நகர்ந்தது.

இன்றைய மருத்துவத்தில் இச்சொல்லுக்குள்ள பொருளை இவ்வாறு சொல்லலாம்: இந்நோயை உண்டாக்கக்கூடியவை என்று இதுவரை அறியப்பட்ட காரணங்களைத் தேடினோம், அவற்றுள் எதுவும் இந்த நோயாளியிடம் இல்லை. இதில் 'தேடினோம்' என்னும் சொல்லே உயிரானது. தேடாமல் இச்சொல்லை எழுதுவது பிழை. பரிசோதனை முடிவுகள் வராத நிலையில் எழுத வேண்டியது 'ஆய்வில் உள்ளது' என்பதுதான். நாங்களும் சில வேளை அவசரத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

அச்சிறுவனுக்கு வந்தது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் இரத்தத்திலுள்ள புரதத்தை வெளியே விடாமல் தடுத்து வைக்க வேண்டியவை. இந்நோயில் அவை புரதத்தைச் சிறுநீரில் ஒழுக விட்டுவிடுகின்றன. இரத்தத்தில் புரதம் குறைந்து, உடலில் நீர் கோத்து வீக்கம் உண்டாகிறது. லூப்பஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயினால் இது வரலாம். ஹெபடைடிஸ் பி கிருமியால் வரலாம். பிறவியிலேயே உள்ள மரபணுக் குறையால் வரலாம். குழந்தையின் வயது, இரத்த அழுத்தம், சிறுநீரில் இரத்தம் கலந்துள்ளதா என்பது, சில இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றை வைத்து இவற்றை ஒவ்வொன்றாக விலக்குகிறோம். எல்லாம் விலகிய பின் எஞ்சி நிற்பதையே இடியோபதிக் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்கிறோம். குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் பெரும்பகுதி இதுதான்.

இனி அக்குடும்பத்தார் கேட்ட கேள்விக்கு வருவோம். காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாம். மருத்துவ வரலாற்றில் பெரும்பகுதி அவ்வாறு நிகழ்ந்ததே. ஆங்கிலேயக் கப்பற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஈறு அழுகி மாலுமிகள் மடிந்த ஸ்கர்வி நோயை ஆரஞ்சும் எலுமிச்சையும் குணமாக்குவதை 1747-ல் ஒப்பிட்டுச் சோதித்துக் கண்டார். அந்நோய்க்குக் காரணம் வைட்டமின் சி குறைபாடு என்பது தெளிவானது 1930-களில். இடையிலிருந்த ஏறத்தாழ 185 ஆண்டுகளில் எலுமிச்சை உண்டு பிழைத்தவர்கள், காரணம் தெரியும்வரை காத்திருக்கவில்லை.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோமிலும் அப்படித்தான். இடியோபதிக் வகை வந்த குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு, ஸ்டீராய்டு தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரில் புரதம் ஒழுகுவது நின்றுவிடுகிறது. இங்கு அந்தச் சொல் உண்மையில் ஒரு நற்செய்தியாகும். இம்மாத்திரைக்கு நன்கு கட்டுப்படும் குழந்தைகள் பெரும்பாலும் இந்த வகையினரே. ஆனால் மாத்திரையை மருத்துவர் சொல்லும் வாரக்கணக்கின்படி முழுமையாகக் கொடுத்து, பின்னர்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுக்கும் உடல், தானே சுரக்கும் அச்சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டுப்பட்ட நோய் மீண்டும் தலைகாட்டுவது பல குழந்தைகளிடம் உண்டு. அது தாய் செய்த பிழையால் வருவதன்று, பல வேளைகளில் ஒரு சாதாரணச் சளி போதும். மாறாக, சில குழந்தைகளுக்கு மாத்திரை பயன் தராமல் போகும். அப்போது சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்து ஆய்வதும், மரபணுவைச் சோதிப்பதும் உண்டு. அவற்றில் காரணம் கிடைத்துவிட்டால், பழைய அடைமொழியை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுவோம்.

தனி நோயாளியிடம் மட்டுமன்றி, மருத்துவ உலகம் முழுவதிலும் இந்த அடித்தெழுதல் நடந்துகொண்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் காரணமின்றிக் குறைந்து, தோலில் செம்புள்ளிகளும் இரத்தக் கசிவும் உண்டாகும் நோய் ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஐ.டி.பி. என்பர்; அதிலுள்ள 'ஐ' நெடுங்காலம் இடியோபதிக் என்பதையே குறித்தது. எலும்பு மச்சை தட்டணுக்களைப் போதிய அளவு உண்டாக்கவில்லையா, அல்லது உண்டானவற்றை ஏதோ ஒன்று அழிக்கிறதா என்பதே கேள்வி. 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில், பார்ன்ஸ் மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், இதை அறியத் தம் உடலையே முன்வைத்தார். அந்நோயுற்ற ஒருவரின் இரத்தம் ஏறத்தாழ அரை லிட்டர் அவர் உடலில் ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிந்தன; வலிப்பும் கண்டது. சில நாட்கள் அந்நிலையில் இருந்து, பின்னர் அவர் தேறினார். அவருடைய எலும்பு மச்சையோ சீராக இருந்தது. ஆகவே உண்டாவதில் குறையில்லை. நோயாளியின் இரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்றே தட்டணுக்களை அழிக்கிறது என்று தெளிவாயிற்று. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தத் தட்டணுக்களையே தாக்குகிறது என்னும் இன்றைய அறிவு அங்கிருந்து தொடங்கியது. இன்றைய நெறிமுறைகளின்படி இத்தகைய சோதனையை எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

பெயர் மாறியது மிகப் பின்னால். 2009-ல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, இனி 'இடியோபதிக்' வேண்டாம், நோய் எதிர்ப்பைக் குறிக்கும் 'இம்யூன்' என்பதே தகும் என்று பரிந்துரைத்தது. இரண்டு சொற்களும் 'ஐ'யில் தொடங்குவதால் ஐ.டி.பி. என்னும் சுருக்கம் அப்படியே நின்றுவிட்டது. பழைய கோப்பு ஒன்றில் 'இடியோபதிக்' என்றும் புதிய கோப்பில் 'இம்யூன்' என்றும் கண்டு, தமக்கு இரண்டாவதாக ஒரு நோய் வந்துவிட்டதோ என்று அஞ்சி வருவோர் உண்டு. இரண்டும் ஒன்றே.

சிறுவனின் நோயும் இதே பாதையில்தான் செல்கிறது என்று தோன்றுகிறது. சிறுநீரக வடிகட்டியைக் கட்டி நிறுத்தும் நெஃப்ரின் என்னும் புரதத்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 1998-ல் கண்டறிந்தனர். 2022-லும் 2024-லும் வெளியான ஆய்வுகள், இந்நோயுற்றோர் பலரின் இரத்தத்தில் அந்நெஃப்ரினையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியுள்ளன. ஆனால் எல்லோரிடமும் அது இல்லை. அப்பரிசோதனை நம் ஊர்களில் அன்றாட வழக்கத்துக்கும் வரவில்லை. எனவே இன்றைக்கு எங்கள் தாளில் 'இடியோபதிக்' என்றே எழுதுகிறோம். சிறுவன் வளர்ந்து பெரியவனாகும்போது அவனுடைய பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து ஓர் இளம் மருத்துவர் புன்னகைக்கக்கூடும்.

இதே வேலையைச் செய்யும் வேறு சொற்களும் உங்கள் தாள்களில் தென்படும். 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்பது அவற்றுள் மிகப் பரவலானது. வேறொரு நோயினால் வராத உயர் இரத்த அழுத்தம் என்பது அதன் பொருள். உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது அதுதான். 'எசென்ஷியல்' என்றால் இன்றியமையாதது என்று பள்ளியில் படித்தவர்கள், "அழுத்தம் இன்றியமையாதது என்றால் ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்டதுண்டு. சிரிப்பதற்கில்லை. குறுகிய குழாய்களில் இரத்தத்தைச் செலுத்த அந்த அழுத்தம் தேவையே என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே கருதியிருந்தார்கள். இப்போது 'பிரைமரி' என்று எழுதுவது பெருகி வருகிறது. 'கிரிப்டோஜெனிக்' என்றால் காரணம் உண்டு, ஆனால் மறைந்துள்ளது என்று பொருள். 'அயட்ரோஜெனிக்' என்பதை இவற்றோடு குழப்பிக்கொள்ளலாகாது; அது சிகிச்சையின் விளைவாகவே வந்த கேட்டைக் குறிப்பது.

வலிப்பு நோயில் மட்டும் நம் சொல் வேறு முகம் காட்டுகிறது. அங்கே இடியோபதிக் என்றால் மூளையில் கட்டியோ தழும்போ இல்லை, மரபுவழிச் சார்பினால் வந்தது என்று கொள்வது நெடுநாள் வழக்கம். கேலன் வைத்த பொருளுக்கு அது அண்மையில் நிற்கிறது. 'காரணம் தெரியாது' என்று அதை மொழிபெயர்ப்பது தவறாகிவிடும். இக்குழப்பம் கருதியே பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010 முதல் காரணங்களை வகைப்படுத்தும்போது இச்சொல்லைத் தவிர்க்கத் தொடங்கியது. ஆயினும் சில குறிப்பிட்ட வலிப்பு வகைகளின் பெயரில் அது இன்றும் தொடர்கிறது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து உழவர்களிடையே ஒரு சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களின் சிறுநீரகங்கள் அங்கே பழுதாகின்றன. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இத்தகைய நோய் உண்டு. அதற்கு ஆய்வாளர்கள் 'இடியோபதிக்' என்று பெயரிடவில்லை. 'காரணம் அறியப்படாத' என்னும் தொடரையே பெயரில் சேர்த்தார்கள். வயல், நீர், வெப்பம் என்று வெளியே ஒரு காரணம் இருக்கவே செய்யும், அதைத் தேடியாக வேண்டும் என்னும் கருத்து அத்தொடரில் இருக்கிறது. 'தனக்கேயுரியது' என்று எழுதியிருந்தால், ஊர் முழுவதையும் தாக்கும் ஒன்றை அவரவர் உடலின் குறையாகச் சொன்னது போல ஆகியிருக்கும்.

தமிழில் என்ன எழுதுவது என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. 'தான்தோன்றி நோய்' என்று சில சொற்பட்டியல்களில் உள்ளது. கோயிலில் அச்சொல் பெருமை பெறுகிறது; தானாகத் தோன்றிய இலிங்கத்தைத் தான்தோன்றீசர் என்று வணங்குகிறோம். வீட்டிலோ, சொல் கேளாத பிள்ளையைத் தான் 'தான்தோன்றி' என்று ஏசுகிறோம். ஏற்கெனவே தன்னை நொந்துகொண்டிருக்கும் தாயின் கையில் அச்சொல்லைக் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. 'மூலம் அறியப்படாத நோய்' என்று ஒருவர் முன்மொழிந்தார். அது வேறு பிரிவுக்கு நோயாளியை அனுப்பிவிடும் என்று செவிலியர் ஒருவர் சுட்டிக்காட்டியதும் அவை கலகலத்தது. நோய்க்குக் காரணமானதை 'நோய்முதல்' என்று வழங்குவது திருக்குறளின் மருந்து அதிகாரத்திலேயே உள்ளது. எனவே 'நோய்முதல் தேடியும் அகப்படாத' என்று எழுத முடிவு செய்தோம். நீளமான தொடர்தான். ஆனால் 'தேடியும்' என்பதை விட எங்களுக்கு மனம் வரவில்லை.

இச்சொல் உங்கள் தாளில் இருந்தால், என்னென்ன காரணங்களைத் தேடி விலக்கினீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அது அவரை ஐயுறுவதாகாது. அவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். இன்னும் செய்யப்படாத பரிசோதனை ஏதேனும் உண்டா, மருந்துக்கு நோய் கட்டுப்படாவிட்டால் மீண்டும் எப்போது தேடுவீர்கள் என்பதையும் கேட்கலாம். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: இச்சொல்லைக் கண்டு மருந்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தத் தோன்றினால், நிறுத்தும் முன் எங்களுக்குத் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லுங்கள்.

அச்சிறுவனின் தாய் இப்போது நாள்தோறும் காலையில் சிறுநீரில் சோதனைப் பட்டையைத் தோய்த்து, நிறத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வருகிறார். சென்ற முறை வந்தபோது அந்நோட்டைப் பாட்டியே கொண்டுவந்து எங்களிடம் நீட்டினார். நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் மருத்துவர் தமிழில் எழுதிக் கொடுத்த நான்கு வரிகள் ஒட்டப்பட்டிருந்தன: நோயின் பெயர், தேடி விலக்கப்பட்ட காரணங்கள், மாத்திரையின் வாரக்கணக்கு, இந்நோய் வந்ததில் வீட்டார் எவருடைய பிழையும் இல்லை என்பது. அடுத்த மாதத்திலிருந்து இந்த நான்கு வரிகளுக்கான இடம் எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகளிலும் இருக்கும். உங்கள் தாளில் அந்த இடம் நிரப்பப்படாமல் இருந்தால், வார்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் செவிலியரிடம் காட்டி நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.